மெயின் சுவிட்ச்

த்ரீ பேஸ் என்று பெயர் வைத்தவன் கஜபதி.
தறிக்கு வேண்டிய கரண்ட் அது,
ஆளும் மூன்று பேர்தான்.
ஏகாம்பரகுப்பத்தில்
முதலாளி ஊரில் இல்லாத ஒரு ராத்திரி
பாவு உருளைகளை ஓரம் தள்ளி
தேசப்பன் டிரம்மைப் பரப்பினான்.
முனிரத்தினம் கடைவாயில் மிளகு.
டேப் ரெக்கார்டர் மட்டும் பேட்டரியில்,
கரண்டை நம்ப முடியாது என்று.

நான் டீ வாங்கப் போனவன்.
தூக்குச் சட்டியோடு உள்ளே நுழைகையில்
ஐந்தாவது பாட்டு, இரண்டாம் சரணம்,
என் தோள் பட்டு
மெயின் இறங்கிவிட்டது.

கீபோர்டு செத்தது. மைக் செத்தது.
தேசப்பன் குச்சி அந்தரத்தில் நின்றிருக்கும்,
இருட்டில் எனக்கு எங்கே தெரிந்தது.
பக்கத்துக் கொட்டகையில் மட்டும் ஒரு தறி
டடக் டடக் டடக் டடக்.
தடவித் தடவி ஏற்றிவிட்டேன்.
மூன்று பேரும் ஒன்றாக
பாட்டுக்குள் விழுந்தார்கள்.

பாழாப்போன கரண்டு, என்றான் கஜபதி டீயை ஊதிக்கொண்டே.
ஆமா, என்றேன் நானும்.
பக்கத்துத் தறி எந்தக் கரண்டில் ஓடியது என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

கேசட் நகரியைத் தாண்டியது.
பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடி
இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, திருத்தணி,
அந்தப் பக்கம் புத்தூர்.
பொதட்டூர்பேட்டை ஜாத்திரையில்
ஒரு பேண்டு செட் அந்தப் பாட்டை டிரம்பெட்டில் ஊதியது.
அந்த இடம் வந்ததும் சட்டென்று நின்றார்கள்.
ஒருவன் டிரம் விளிம்பில்
நாலு தட்டு தட்டினான்.
எனக்கு வியர்த்துவிட்டது.

அப்புறம் எத்தனை பேர்.
கிடாரோடு இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள்,
வார்த்தையை மாற்றி ஏசுவுக்குப் பாடிய ஒரு சர்ச்,
சாராயக் கடை வாசலில் வெறும் வாயாலேயே ஒருத்தன்.
எல்லோரும் நாலு தட்டு நிற்கிறார்கள்.
தேசப்பன் அண்ணன் மூளையே மூளை என்கிறார்கள்.
தேசப்பன் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
மறுத்ததில்லை.

முனிரத்தினம் ஒருநாள் குடித்துவிட்டுச் சொன்னான்:
அங்கே ஒரு வரி இருந்துச்சுடா.
வாயைத் திறந்துட்டேன், வரலை.
எப்பேர்ப்பட்ட அவமானமா இருந்திருக்கும்,
தேசம்மாதான் வந்து கரண்டை நிறுத்தினா.
என்ன வரி, என்று கேட்டேன்.
தெரிஞ்சா பாடியிருக்க மாட்டேனா.
நான்தான் அந்தத் தேசம்மா என்று
எப்படிச் சொல்வது.
பில்லை மட்டும் நான் கொடுத்தேன்.

எனக்குத் தாளமும் தெரியாது, பாடவும் வராது.
அந்தப் பாட்டில் என்னுடையது
இல்லாமல் போன அந்த இடம்தான்.
எந்த ஊரில் யார் பாடினாலும்
அங்கே வந்து என் தோளில் ஒருமுறை
இடித்துக்கொண்டு போகிறார்கள்.

போன மாசி, நகரியில் ஒரு கல்யாணம்.
நான் பந்தியில் இருந்தேன்.
மேடையில் ஒரு பெண், பல்லுக்குக் கம்பி,
ஹிமஜா என்று அறிவித்தார்கள்.
ஐந்தாவது பாட்டு, இரண்டாம் சரணம்.
பின்னால் எல்லோரும் நின்றார்கள்.
அவள் நிற்கவில்லை.
நாலு தட்டின் மேலேயே ஏறி
தெலுங்கில் பாடினாள்:
கரெண்டு போயிந்தி, உன்னாவா?
கரண்ட் போச்சே, இருக்கிறாயா நீ.
அடுத்த வரியில் தமிழுக்குத் திரும்பிவிட்டாள்.

முதலில் கோபம்தான். யாரைக் கேட்டு?
அப்புறம் சோற்றைப் பிசைந்தபடியே
அவன் மறந்த வரி இதுவாகவே இருக்குமோ என்று நினைத்தேன்,
இருக்காது, இருந்தால்தான் என்ன.

உன்னானு,
தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.
அதற்குள் பாயச வாளி என் இலைக்கு வந்தது.
ஊற்று என்று கையைக் காட்டினேன்.